மூன்று கோடு

முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து ரத்தம் வழிவதை அவளுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். காலை ஷிப்டுக்குக் கிளம்ப ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தேன். பலகையில் வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த கோஸ் ஒரு பக்கமாகச் சிவந்துகொண்டே வந்தது. என் மனைவி எங்கள் மகளிடம் ஏதோ சொல்லியபடி, அதே வேகத்தில் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், கை! கையப் பாரு!"

நிமிர்ந்தவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தாள். இடது ஆள்காட்டி விரலின் நுனி வாயைப் பிளந்திருந்தது. அவள் முகத்தில் வலி இல்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதம் தவறி நம் வீட்டு வாசலில் கிடந்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள்.

"எப்ப வெட்டிச்சு?" என்று என்னிடமே கேட்டாள்.

மகள் ஓடிப்போய்ப் பழைய துணி கொண்டுவந்தாள். விரலை இறுக்கிச் சுற்றினேன். எனக்கே தெரியும், கொஞ்சம் அதிகமாகத்தான் இறுக்கினேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"எரியுதா?"

"இல்லீங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அது எப்பவும் இருக்கறதுதானே."

எப்பவும் என்று அவள் சொன்னாள். அது எப்போது தொடங்கியது என்று என்னால் நாளைக் குறித்துச் சொல்லியிருக்க முடியும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாக்லேட் ஃபாக்டரியில் வேலை பார்த்தோம். நான் ஃபிட்டர். பதினெட்டு வருஷமாக அதுதான் என் பெயரும். அவள் மூன்றாவது லைனில் நின்றாள். சாக்லேட் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். உள்ளே இருப்பவர்களுக்கு அது சூடான சேறு மாதிரி. குழாய் வழியாக வந்து அச்சுகளில் விழும். விழுந்ததும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கிப் படுத்துவிடாது. நடுவில் மேடாக நிற்கும், மூலைகளுக்குப் போகாது, வயிற்றுக்குள் காற்றை வைத்துக்கொள்ளும். அதனால் அச்சுகளை அடுத்து ஒரு நீள மேசையின் மேல் ஓட்டுவோம். மேசைக்கு அடியில் ஒரு மோட்டார் இருந்து அதை நடுங்கவைத்துக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தில் சாக்லேட் மெல்லச் சமமாகும். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக மேலே வந்து உடையும். முகம் கண்ணாடிபோல் ஆனதும் அச்சு குளிர் அறைக்குள் போய்விடும். அந்த மேசைக்குப் பெரிய பெயர் ஒன்று காகிதத்தில் உண்டு. நாங்கள் குலுக்கி என்போம்.

நடுங்குகிற மேசைமேல் அச்சு துள்ளாமல் இருக்க, இரண்டு பக்கமும் எஃகுப் பிடிகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவை தேய்ந்துபோயின. அச்சுகள் தவளைபோல் குதிக்க ஆரம்பித்தன; சாக்லேட் விளிம்பைத் தாண்டி வழிந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "புதுப் பிடிக்கு எழுதியாச்சு. அது வர்ற வரைக்கும் யாராவது கையால அமுக்கிப் பிடிச்சுக்கட்டும்" என்றார். வர்ற வரைக்கும் என்ற பேச்சு எங்கள் ஃபாக்டரியில் ஒருமுறை பிறந்தால் சாகவே சாகாது.

"நடுங்காத கை யாருக்குய்யா இருக்கு?" என்று அவர் கேட்டார். "என் வீட்டுக்காரிக்குத்தான் சார்" என்றேன் நான். அப்போது அவள் பேக்கிங்கில் இருந்தாள். அவள் கைநேர்த்தி அங்கே எல்லோருக்கும் தெரியும். தாளை ஒருமுறை மடித்தால் இஸ்திரி போட்டதுபோல் நிற்கும். அவளுக்கும் சந்தோஷம்தான். குலுக்கி என் பட்டறைக்குப் பக்கம். டீ நேரத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். "பேய் பிடிச்சவங்கள அமுக்கிப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு" என்று லைனில் இருந்த பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அச்சின் இரு ஓரத்தையும் அழுத்தி, மேசையின் முனைவரை கூடவே நடந்துபோய் விடுவாள். பிறகு அடுத்த அச்சு. ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்று நாங்கள் எண்ணியதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்புதான் அது நடந்தது. மழைக்காலம். மேலே இருப்பவர்கள் சாக்லேட்டின் கலவையை மாற்றினார்கள். கோகோ வெண்ணெயைக் குறைத்தார்கள் என்று பேச்சு. குழாயிலிருந்து கூழ்போல் வர ஆரம்பித்தது. எவ்வளவு குலுக்கினாலும் குமிழ் உள்ளேயே நின்றது. சாக்லேட் கட்டிகளின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் பள்ளம் பள்ளமாக விழுந்து, பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஃபிட்டர், குலுக்கல ஏத்து."

"எவ்ளோ சார்?"

"குமிழ் போற வரைக்கும்."

மோட்டாரின் இரு முனைகளிலும் மூடிக்குள் அரைவட்ட எடைகள் இருக்கும். அவற்றைத் திருப்பி வைப்பதைப் பொறுத்துத்தான் குலுக்கல் கூடும், குறையும். எடையின் ஓரத்தில் கோடுகள் வெட்டியிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் லைன் நின்றிருந்தபோது மூடியைக் கழற்றினேன். இரண்டாவது கோட்டில் இருந்ததை ஐந்தாவது கோட்டுக்கு நகர்த்தி முடுக்கினேன். என் மனைவி அப்போது கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைகழுவும் இடத்தில் அவள் சிரிக்கும் சத்தம் பட்டறைவரை கேட்டது.

'அங்க கையால பிடிக்கிறாங்க சார்' என்று நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன் என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் சொல்லவில்லை. மனசுக்குள் சொன்னதைச் சொல்லிவிட்டதாகவே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில் அவள் தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"என்னங்க, உங்க குலுக்கிக்கு இன்னிக்கு என்னாச்சு? பல்லெல்லாம் ஆடுது. தோள்பட்டை வரைக்கும் ஜிவ்வுனு ஏறுது."

"வோல்டேஜ் கூடியிருக்கும். மழை நாளு."

எதற்காக அந்தப் பொய் வந்தது என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நான்தான் ஏற்றி வைத்தேன் என்று சொல்லியிருந்தால், 'ஏங்க, என் கை அங்க இருக்குதே' என்று அவள் சொல்லியிருப்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டேன். அவளும் நம்பினாள். மெஷினைப் பற்றி ஃபிட்டர் சொன்னதை நம்பாமல் வேறு யாரைப் போய்க் கேட்பாள்?

முதலில் டம்ளர் நழுவியது. அப்புறம் ரவிக்கை ஊக்குப் போட நேரமாக ஆரம்பித்தது. குளிர்ந்த காலைகளில் அவள் விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை மெழுகுவர்த்திபோல் வெளுத்துவிடும். அடுப்புப் பக்கம் காட்டினால் நீலமாகி, பிறகு சிவந்து, அப்போதுதான் அவள் பல்லைக் கடிப்பாள். "அம்மா பின்னுனா ஸ்கூல் போறதுக்குள்ள அவுந்துருதுப்பா" என்று மகள் ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னாள். அம்மா காதில் விழக்கூடாது என்று அந்தப் பன்னிரண்டு வயதுக்குத் தெரிந்திருந்தது. நான் மருந்துக் கடையில் ஆயின்மென்ட் வாங்கிவந்து, தினமும் அவள் விரல்களைத் தேய்த்துவிட்டேன். பயிரை மேய்ந்த வேலி பக்கத்திலேயே உட்கார்ந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிய கதை. "இவரு மாதிரி யாரு பாத்துக்குவாங்க" என்று தன் அக்காவிடம் அவள் போனில் சொன்னது எனக்குக் கேட்டது.

விரல் அறுபட்ட அன்று வேலைக்குப் போகாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதிகம் பேசாத, கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். தையல் போடுமுன் மரத்துப்போக ஊசி போட வந்தார்.

"அது வேணாம் டாக்டர், தைச்சா எனக்குத் தெரியாது" என்றாள் என் மனைவி.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். தையல் போடுவதை மறந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி எங்கெங்கோ தொட்டார். அவள் பாதி இடங்களில் தப்பாகச் சொன்னாள். பிறகு என்ன வேலை, எதைப் பிடிக்கிறாள், எத்தனை மணி நேரம் என்று கேட்டார். அவள் குலுக்கியைப் பற்றிச் சொன்னாள். நான் சொல்வதைவிட நன்றாகவே சொன்னாள்.

"ரெண்டு வருஷமாவே இப்படியா இருக்கு?"

"மொதல்ல இவ்ளோ இல்ல டாக்டர். போன மழைக்காலத்துல ஒரு நாள் திடீர்னு குலுக்கல் அதிகமாயிடுச்சு. அதுல இருந்துதான். வோல்டேஜ்னால அப்படியாம்."

"யாரு சொன்னா?"

"இவர்தான். இவருதான் அங்க ஃபிட்டர்." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அதட்டலெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்படியா? வோல்டேஜ்ல அவ்வளவு கூடுமா?"

சுவரில் எலும்புகளின் படம் ஒன்று இருந்தது. கையில் மட்டும் இருபத்தேழு எலும்பு என்று அதில் போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'கூடும்' என்று சொல்லிவிடலாம். டாக்டருக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்?

"கூடாது" என்றேன்.

"அப்புறம்?"

"நான்தான் ஏத்தி வச்சேன். சூப்பர்வைசர் சொன்னாரு."

டாக்டர் தையல் போட ஆரம்பித்தார். என் மனைவி ஊசி உள்ளே போய் வெளியே வருவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு டாக்டர் சொன்னார். விரல்களின் ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போயிருக்கின்றன. இனி அந்த மேசையைத் தொடவே கூடாது. கட்டைவிரலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பலாம். மற்றதற்கு எதுவும் சொல்வதற்கில்லை. ஃபாக்டரிக்குக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். கடிதம் இருந்த உறையை அவள் விரல்களை நம்பாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்திருந்தாள்.

"எத்தனை கோடு ஏத்தி வச்ச?" என்று கேட்டாள்.

கல்யாணமான புதிதில் நான்தான் அவளுக்கு அந்த மோட்டாரைத் திறந்து காட்டி, கோடுகளைப் பற்றிப் பெரிய மனுஷன்போல் விளக்கியிருந்தேன். அவள் மறக்கவில்லை. பதினாறு வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான் முதல்முறை. கோபத்தில் வாய் தவறியதென்று நினைத்தேன். அப்படியில்லை. அதற்குப் பிறகு 'ங்க' திரும்பி வரவேயில்லை.

"மூணு" என்றேன்.

பஸ் வந்தது. முழங்கையைக் கம்பியில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு அவள் முதலில் ஏறினாள். பெண்கள் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது; அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு சூப்பர்வைசர் உச்சுக்கொட்டினார். "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி அது. பேக்கிங்ல போட்டுக்கலாம் ஃபிட்டர், நீ கவலப்படாத" என்றார். போட்டார். ஆனால் அவள் கைக்கு வெள்ளித்தாள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து மடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அடுத்தடுத்த கட்டிகள் வந்து குவிந்தன. மெல்லிய தாள் விரலுக்குக் கீழே கிழிந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் இரண்டு நாள் அவளுடையதையும் சேர்த்து மடித்தார்கள். மூன்றாவது நாள் அவர்களுக்கும் முகம் மாறியது. நான்காவது நாள் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, "ஒடம்பப் பாத்துக்கம்மா. சரியானதும் வா" என்றார். எங்கள் ஃபாக்டரியில் யாரையும் போ என்று சொல்லமாட்டார்கள். சரியானதும் வா என்றுதான் சொல்வார்கள். அவள் தொப்பியையும் கோட்டையும் மடிக்க முயன்று, முடியாமல் அப்படியே மேசைமேல் குவித்து வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

அதுவரை ஆள் மாற்றி ஆள் பிடித்த குலுக்கிக்கு, அவள் போன மறுநாள் வேறு ஒரு பெண் வந்தாள். ஒல்லியான உடம்பு. கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள் என்றார்கள். முதல் நாள், "அண்ணே, கிச்சுகிச்சு மூட்டுதுண்ணே இது" என்று சிரித்தாள். இரண்டாம் நாள் காலை டீ நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஈரக் கையை உதறுவதுபோல் இரண்டு கையையும் உதறிக்கொண்டிருந்தாள். ஈரம் எதுவும் இல்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் குவியலுக்குப் போனேன். எப்போதோ கழற்றிப் போட்ட ஒரு எஃகுப் பட்டை கிடந்தது. துரு இல்லை. எட்டுத் துண்டாக அறுத்தேன். முனைகளை வளைத்து, ஓட்டை போட்டு, அச்சு படும் இடத்தில் ரப்பர் ஒட்டினேன். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை. நடுவில் ஒரு துண்டு கோணலாக வளைந்துவிட்டதால் மறுபடி அறுக்க வேண்டியிருந்தது. மத்தியான டீ மணி அடித்தபோது எட்டுப் பிடியும் என் முன்னால் வரிசையாக இருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பிடிகளைப் பார்த்தேன். டீ குடிக்கப் போகவில்லை.

மறுநாள் காலை லைன் ஓடத் தொடங்குமுன் அவற்றை மாட்டினேன். மேசை ஐந்தாவது கோட்டின் வேகத்தில்தான் நடுங்கியது. அச்சுகள் அசையாமல், வாத்தியார் வந்த வகுப்புபோல் அடங்கிப் போயின. குமிழ்கள் மட்டும் மேலே வந்து உடைந்தன. மேசைக்குப் பக்கத்தில் யாருமே நிற்கத் தேவையில்லை.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அட, பிரமாதம்! இத நீ அப்பவே பண்ணியிருக்கலாமே, ஃபிட்டர்?"

பாராட்டத்தான் சொன்னார். அவர் மனதில் வேறு ஒன்றும் இல்லை என்று சத்தியம் பண்ணுவேன். பண்ணியிருக்கலாம்தான். பட்டை அங்கேயேதான் கிடந்தது. ரம்பம் என்னுடையது. ரெண்டு வருஷமாக அந்தக் குவியலைத் தாண்டித்தான் தினமும் ஒன்றுக்குப் போய்வந்தேன். புதுப் பிடி வரும், வந்தால் மாட்டுவேன், அதுதான் என் வேலை என்று இருந்தேன். ஏன் தோன்றவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அங்கே ஒரு ஜோடிக் கை இருந்தது. லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற லைனைப் பார்த்து ஃபிட்டருக்கு என்ன தோன்றும்?

புதிதாக வந்த பெண் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். "அப்ப நான் எங்க சார் நிக்கறது?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். இப்போதைக்கு எதுவும் காலி இல்லை, இருந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார் அவர். அவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

"நான் உங்களுக்கு என்னண்ணே பண்ணேன்? வந்து மூணு நாள்கூட ஆகல."

"உன் கைக்காகத்தாம்மா."

"என் கை என் கையிலதானே இருக்குது? நான் கேட்டனா உங்கள?" என்றாள். பிறகு சின்னக் குரலில், "உங்களுக்கென்ன, உங்க வேல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவியின் விரல்களைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேட்டைத் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷிப்டு மூன்று மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போனபோது மகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. என் மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். படியேறிப் போனேன். பக்கெட்டில் துணி நிறைந்திருந்தது. ஈரப் பாவாடை ஒன்றை இரண்டு முன்னங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது.

"பிடி செஞ்சு மாட்டிட்டேன்" என்றேன். "இனிமே அங்க யாரும் கைய வைக்க வேண்டியதில்ல."

பிழிந்து முடித்து, உதறி, கொடியில் போட்டாள்.

"எப்ப செஞ்ச?"

"நேத்து. சாப்பிட்டதுக்கு அப்புறம்."

"எவ்ளோ நேரமாச்சு?"

ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாம். வெளியிலிருந்து சாமான் வரவழைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"ரெண்டு மணி நேரம்" என்றேன்.

குனிந்து பக்கெட்டிலிருந்து என் காக்கிச் சட்டையை எடுத்தாள். கொடியில் போட்டு, காற்றில் அது நழுவாமல் இருக்கத் தாடையால் அழுத்திக்கொண்டாள். பிறகு கிண்ணத்தில் கிடந்த துணிக் கிளிப் ஒன்றை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் தூக்கி, அதன் வாலைப் பல்லால் கடித்தாள். கிளிப் வாயைத் திறந்தது. முகத்தைக் கொடிக்குப் பக்கமாகக் கொண்டுபோய், சட்டையின் தோளில் அதைப் பொருத்திவிட்டுப் பல்லை விட்டாள்.

நான் கிட்டே போய்க் கிண்ணத்திலிருந்து ஒரு கிளிப்பை எடுத்தேன். அதற்குள் அவள் அடுத்ததைக் கடித்திருந்தாள். அதைக் கடித்தபடியே என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சட்டையின் மறு தோளுக்குக் குனிந்தாள். கிளிப் வழுக்கித் தரையில் விழுந்தது. உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டாலும் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கித் தூக்கி, தூசியை ஊதிவிட்டு, மறுபடியும் பல்லில் வைத்தாள். காற்றில் என் சட்டை ஒரு பக்கமாக உப்பி அடித்துக்கொண்டிருந்தது. பக்கெட்டில் இன்னும் பாதிக்கு மேல் துணி இருந்தது.